மூன்று இதயம், ஒரு ‘இட்’: இலக்கணத்தில் முழு மதிப்பெண், பத்தியில் ஏன் சறுக்கல்?

ஆங்கில வகுப்பில் இலக்கணம் ஒரு நாள், பத்தி படித்து விடை எழுதுவது இன்னொரு நாள் என்றுதான் பல வருடங்களாக நடத்திவந்தேன். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி மதிப்பெண். இரண்டும் ஒரே மொழியைப் பற்றியவை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று நான் யோசித்ததில்லை. ஒரு மாணவியின் விடைத்தாள்தான் யோசிக்க வைத்தது.

இந்த ஆய்வு அவளைப் பற்றியது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடைகளில் நடந்த தவறுகளை மாற்றவில்லை.

விடைத்தாளில் இருந்தது

எட்டாம் வகுப்பு மாணவி. வீட்டில் தமிழ். ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்கிறாள். இலக்கணத் தேர்வில் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் இருப்பாள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பத்தி என்று வந்தால் மட்டும் ஐந்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. “கவனமாகப் படி” என்று ஒவ்வொரு முறையும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அவள் கவனமாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று கொடுத்த பத்தி ஆக்டோபஸைப் பற்றியது. அதில் நடுவில் வரும் இரண்டு வாக்கியங்கள் இவை:

“ஆல்தோ தி ஆக்டோபஸ் ஹேஸ் த்ரீ ஹார்ட்ஸ், ஒன் ஆஃப் தெம் ஸ்டாப்ஸ் பீட்டிங் வென் இட் ஸ்விம்ஸ். திஸ் டயர்ஸ் தி அனிமல், விச் இஸ் வொய் இட் ப்ரிஃபர்ஸ் டு க்ரால்.”

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் இருந்தாலும், நீந்தும்போது அவற்றில் ஒன்று துடிப்பதை நிறுத்திவிடும். அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே அது நீந்துவதைவிட ஊர்ந்து போவதையே விரும்பும். விஷயம் இவ்வளவுதான்.

எத்தனை இதயம்? சரியாக எழுதியிருந்தாள். ரத்தம் என்ன நிறம்? நீலம், அதுவும் சரி. ஏன் ஊர்ந்து போகிறது என்ற கேள்விக்கு, “பிகாஸ் தி ஹார்ட் ஸ்விம்ஸ்” என்று எழுதியிருந்தாள். இதயம் நீந்துகிறதாம். ‘திஸ்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்ற கடைசிக் கேள்விக்கு விடை ஒரே சொல்: “டயர்ஸ்”.

வழக்கம்போல இரண்டையும் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். இதயம் நீந்துகிற காட்சி மனதில் நின்றுவிட்டது. மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

எது காரணம் இல்லை

முதலில் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிக்கலா என்று பார்த்தேன். உரக்கப் படிக்கச் சொன்னால் தடங்கலே இல்லாமல் படித்தாள், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திக்கூட. இதை நம்பித்தான் இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். சரளமாகப் படிக்கிற பிள்ளைக்குப் புரிகிறது என்று ஆசிரியர்கள் தாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவதாக, அதே பத்தியை நான் ஆங்கிலத்தில் படித்துக்காட்டி வாய்மொழியாகக் கேள்வி கேட்டேன். தாளில் செய்த அதே தவறுகள். மூன்றாவதாக, தமிழில் சொல்லிவிட்டுக் கேட்டேன். எல்லாமே சரி; போதாக்குறைக்கு, “அப்ப அது ஓடித் தப்பிக்கணும்னா என்ன பண்ணும் மிஸ்?” என்று ஒரு கேள்வி வேறு. ஆக, யோசிக்கிற திறமையில் குறை ஒன்றும் இல்லை.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒரு பக்கம் சுழியானால் மொத்தமும் சுழி. இவளுக்கு முதல் எண் நன்றாக இருந்தது. இரண்டாவதில்தான் ஏதோ ஓட்டை.

சொல்வளம்? அதையும் பார்த்தேன். துணையில்லாமல் ஒரு பத்தி ஓரளவு விளங்க, 100 சொல்லில் ஏறக்குறைய 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகியோர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். நாம் கொடுக்கும் பல பத்திகள் இதில் தேறாது, அது வேறு கதை. பத்தியிலிருந்த சொற்களைத் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினேன். ‘ப்ரிஃபர்ஸ்’ ஒன்றுக்குத்தான் தயங்கினாள். மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னாள். ‘டயர்’ சீட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, “வண்டி டயர்தானே மிஸ்?” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஆக்டோபஸுக்கு எதுக்கு மிஸ் டயர்?”

தேர்வு எழுதும்போது இந்தச் சந்தேகம் அவளுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்தியில் டயர் வந்தது, விடையில் டயர் எழுதினாள். அங்கே அர்த்தம் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அவளிடம் இல்லை.

தெரிந்த இலக்கணம், பயன்படாத இலக்கணம்

இங்கேதான் எனக்கு உறைத்தது. ‘திஸ்’ ஒருமை, ‘தீஸ்’ பன்மை. இந்தப் பாடத்தில் இருபது வாக்கியமும் சரியாக நிரப்பியவள் இவள். ‘டயர்ஸ்’ என்பது பல டயர்கள் என்றால் முன்னால் ‘தீஸ்’ வந்திருக்க வேண்டும். ‘திஸ்’ வந்திருப்பதாலேயே அது டயர்களாக இருக்க முடியாது. பின்னால் ‘தி அனிமல்’ நிற்பதால் அது வினைச்சொல். களைக்கச் செய்கிறது என்று ஏதோ ஒரு வினை. அகராதியைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம். அதற்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அவளிடம் இருந்தது, வேறொரு நோட்டில்.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் மேலே தலைப்பு: இன்ன காலத்தில் நிரப்புக. கீழே பத்து வாக்கியம். தலைப்பைப் பார்த்தாயிற்று, அடைப்புக்குறிக்குள் இருக்கிற வினையைப் பார்த்தாயிற்று, ‘ஹேட்’ சேர்த்து உருவை மாற்றி எழுதியாயிற்று. வாக்கியத்தை யார் படித்தார்கள்? சோதிக்கலாமே என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினேன். “பை தி டைம் தி பாசெஞ்சர் அரைவ்ட், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.” அழகாக நிரப்பியிருந்தாள். “அந்தப் பயணி அந்த ரயிலில் ஏறினாரா?” என்று கேட்டேன்.

“ஏறினார்.”

“எப்படிச் சொல்ற?”

“அரைவ்ட்னு போட்டிருக்கே மிஸ்.”

தமிழில் “அவர் வந்து சேர்வதற்குள் ரயில் போய்விட்டது” என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், அவர் ஏறவில்லை என்று. ‘போயிருந்தது’, ‘போய்விட்டது’ என்ற உருவங்கள் செய்யும் வேலையைத்தான் ‘ஹேட் லெஃப்ட்’ செய்கிறது. அந்த ஒப்பீட்டை நான் ஒருமுறைகூடச் செய்து காட்டியதில்லை. விதியைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், உருவத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். அது எதற்கு என்று சொல்லவில்லை.

இதயம் நீந்தியதற்கும் காரணம் கிடைத்தது. தமிழில் “நீந்தும்போது” என்றால் போதும். யார் நீந்துகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் அங்கே ஓர் எழுவாயைக் கேட்கும். ஆகவே ஒரு ‘இட்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சின்னச் சொல் தமிழ் பேசும் பிள்ளையின் கண்ணில் கனமே இல்லாமல் தெரியும். விடை எழுத நேரும்போது, பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதில் ஒட்டிவிடுவாள். பக்கத்தில் இருந்தது இதயம்.

‘ஆல்தோ’ கதையும் அதேதான். நம்முடைய ‘இருந்தாலும்’ அந்தத் துணை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். சொன்ன கையோடு மறுப்பு வந்துவிடும். ஆங்கிலத்தில் அது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதைக் கடைசிவரை மனதில் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கமா வருவதற்குள் கீழே போட்டுவிடுகிறார்கள். ‘ஹூ’, ‘விச்’ வந்தால் இன்னும் மோசம். “நேற்று வந்த பையன்” என்று பெயருக்கு முன்னாலேயே விவரத்தை முடித்துவிடுவது நம் வழக்கம். ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும்.

கேள்வி கேட்டால் கற்பித்ததாகுமா

வெள்ளிக்கிழமை நடக்கும் பத்தி வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நேர்மையாக எழுதிப் பார்த்தேன். பத்தியைப் படிக்கச் சொன்னேன். கேள்வி கேட்டேன். விடை தவறென்றால் அடுத்த பிள்ளையைக் கேட்டேன். யாராவது சரியாகச் சொன்னதும் “வெரி குட்” என்று அடுத்த கேள்விக்குப் போனேன். தவறாகச் சொன்ன பிள்ளைக்கு, சரியான விடைக்கு எந்த வழியாக வருவது என்று காட்டவே இல்லை.

நான் மட்டும் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்க ஆய்வாளர் டோலரஸ் டர்கின் 1970-களின் கடைசியில் தொடக்க வகுப்புகளில் போய் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் குறித்தார். புரிந்து படிப்பது எப்படி என்று ஆசிரியர்கள் கற்பித்த நேரம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேள்வி கேட்டுச் சோதித்த நேரமோ அதைப்போலப் பல மடங்கு. சோதிப்பதையே கற்பிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் புரியாமலே விடை எழுதிவிடலாம் என்பதுதான் இதில் பெரிய கூத்து. வகுப்பில் இதைக் காட்டுவதற்காகத் தமிழிலேயே ஒன்று எழுதினேன்:

“கிம்பான் நேற்றுத் துவளையில் மூன்று மொழுப்புகளைச் சிரட்டினான். அவற்றில் ஒன்று ஞெமிந்திருந்ததால் அதைத் தம்மினான்.”

கிம்பான் எங்கே சிரட்டினான்? துவளையில். எத்தனை மொழுப்பு? மூன்று. ஒன்றை ஏன் தம்மினான்? அது ஞெமிந்திருந்ததால். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். கிம்பான், துவளை, மொழுப்பு எல்லாம் நானே இட்டுக்கட்டியவை, அர்த்தம் கிடையாது என்றதும் வகுப்பே சிரித்தது. அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன், “நான் இங்கிலீஷ்ல எப்பவும் இப்படித்தான் மிஸ் எழுதுறேன்” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் இந்த விளையாட்டு இன்னொன்றையும் காட்டியது. அப்போது நானே அதைக் கவனிக்கவில்லை. ‘அதைத் தம்மினான்’ என்பதில் ‘அதை’ எது என்று ஒருவரும் குழம்பவில்லை. வேற்றுமை உருபும் வினை முற்றும் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயின. தாய்மொழியில் இலக்கணம் அவர்களுக்காகத் தானே வேலை செய்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டியதுதான் என் வேலை.

என்ன செய்தோம்

எட்டு வாரம். புதிதாக எந்தப் புத்தகமும் வாங்கவில்லை. இலக்கண வகுப்பையும் பத்தி வகுப்பையும் ஒன்றாக்கினேன். பத்தியின் நீளத்தைப் பாதியாக்கினேன். ஆறேழு வாக்கியம் போதும், ஆனால் ஒரு வகுப்பு முழுக்க அதிலேயே.

முதல் வேலை அம்புக்குறி. ‘இட்’, ‘தே’, ‘திஸ்’, ‘விச்’ எது வந்தாலும் வட்டமிட்டு, அது குறிக்கும் சொல்லுக்கு ஓர் அம்பு. முழு வாக்கியத்தைக் குறித்தால் அந்த வாக்கியத்தையே கோடிட்டு அதற்கு அம்பு. முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இரண்டாம் வாரம் தாள்களைப் பார்த்தால், எல்லா அம்பும் பக்கத்துப் பெயருக்கே போகின்றன! நான் ஒழிக்க நினைத்த பழக்கத்துக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்து வளர்த்திருக்கிறேன்.

அதனால் மூன்றாம் வாரம் மாற்றினேன். அம்பு போட்டதும் அந்தச் சொல்லை ‘இட்’ இருந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். “வென் தி ஹார்ட் ஸ்விம்ஸ்” என்று படித்தபோது நம் மாணவியே முகத்தைச் சுளித்தாள். “இல்ல மிஸ், இது ஆக்டோபஸ்.” அம்பை அழித்து மாற்றிப் போட்டாள். அந்தச் சுளிப்புதான் எனக்கு வேண்டியது. அர்த்தம் இடறுகிறது என்று அவளுக்கே தெரிந்த முதல் தருணம் அது.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் வகுப்பில் தமிழ் கூடாது என்று வைத்திருந்தேன். இந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. முழுப் பத்தியை மொழிபெயர்க்கச் சொல்வதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. அது சொல்லுக்குச் சொல் மாற்றும் வேலையாகிவிடுகிறது. ஆனால் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது, அதிலும் “யார் நீந்துறது? எது களைக்குது?” என்று தமிழில் கேட்டுக்கொள்வது, நன்றாக வேலை செய்தது.

நான்காம் வாரத்திலிருந்து விடுபட்ட சொல் பயிற்சி. வில்சன் டெய்லர் என்பவர் 1953-ல் இதற்கு ‘க்ளோஸ்’ என்று பெயர் வைத்தார். அவர் நோக்கம் பிள்ளைகளைச் சோதிப்பது அல்ல. ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளப்பது. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் சொல் எதுவானாலும் அதை எடுத்துவிடுவது அவர் முறை. நான் இணைப்புச் சொற்களை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தேன்: ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’, ‘அன்லெஸ்’, ‘அன்டில்’. தலைப்பும் கிடையாது, உதவிப் பெட்டியும் கிடையாது. முன்னும் பின்னும் படிக்காமல் ஒன்றைக்கூட நிரப்ப முடியாது. இலக்கணத்தில் எப்போதும் பத்துக்குப் பத்து வாங்குபவள் முதல் தாளில் நான்கு வாங்கினாள். அழுகை வராத குறை. அவள் அம்மா வந்து, “நல்லாப் படிச்சிட்டிருந்த பிள்ளைங்க, இப்ப என்னாச்சு மிஸ்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒன்றும் ஆகவில்லை, இதுவரை நாங்கள் அளக்காததை இப்போது அளக்கிறோம் என்று தாளை வைத்துக் காட்டினேன். பாதி சமாதானமாகப் போனார்.

கடைசி மூன்று வாரம் பிள்ளைகளே ஆசிரியர். பாலின்க்சர், பிரவுன் இருவரும் 1984-ல் விவரித்த முறையின் ஒரு பகுதி இது. முன்கூட்டி ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது என்று நான்கு வேலையைச் சிறு குழுவில் மாறி மாறிச் செய்ய வேண்டும். நான் நடு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஊகிக்கச் சொன்னால் என் வகுப்பில் அது குலுக்கல் சீட்டுப் போல ஆகிவிட்டது; சுருக்கச் சொன்னால் முதல் வரியையே திருப்பி எழுதினார்கள். ஒருவேளை நான் சரியாக நடத்தவில்லையோ என்னவோ. கேள்வி எழுப்பும் வேலைக்கு ஒரே ஒரு கட்டளை: பத்தியில் உள்ள வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதினால் விடையாகிவிடும் கேள்வி செல்லாது. இதில் பின்வரிசைப் பையன்தான் சூரன். பார்த்து எழுதியே பிழைத்தவனுக்கு அந்த ஓட்டையை அடைக்கவும் தெரிந்திருந்தது.

ஒட்டகப் பத்தி

எட்டு வாரம் முடிந்ததும் புதுப் பத்தி கொடுத்தேன், ஒட்டகத்தைப் பற்றி. தொடக்கம் இப்படி: “மெனி பீப்பிள் பிலீவ் தட் தி கேமல் கேரீஸ் வாட்டர் இன் இட்ஸ் ஹம்ப். இட் டஸ் நாட். வாட் இட் ஸ்டோர்ஸ் தேர் இஸ் ஃபேட்.” திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், இல்லை, இருப்பது கொழுப்பு. வேண்டுமென்றே வைத்த பொறி. பார்த்து எழுதும் பிள்ளை முதல் வாக்கியத்திலேயே ‘ஹம்ப்’பைக் கண்டுபிடித்து, பக்கத்திலிருக்கும் ‘வாட்டரை’ எழுதிவிட்டு எழுந்து போய்விடும். சிலர் போனார்கள்.

நம் மாணவியின் தாளில் ‘டஸ் நாட்’ என்பதன் கீழே பென்சிலில் சின்னதாக, “என்ன செய்யாது?” என்று தமிழில் எழுதியிருந்தது. அதிலிருந்து ஓர் அம்பு ‘கேரீஸ் வாட்டர்’ வரைக்கும். அந்த வாக்கியத்தில் ‘கேரி’ என்ற வினையே இல்லை. ஆங்கிலம் அதை விழுங்கிவிட்டு ‘டஸ்’ஸை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. இப்படி விழுங்கப்படும் வினையை நான் பாடமாக நடத்தவே இல்லை. ‘இட்’டுக்குச் செய்ததை இதற்கும் தானாகவே செய்திருக்கிறாள். ஐந்தில் நான்கு. அந்த மதிப்பெண்ணைவிட அந்தப் பென்சில் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சரியாகாதவை

வேகம் போய்விட்டது. முன்பு பத்து நிமிடத்தில் முடிப்பவளுக்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது. நேரம் குறித்து நடக்கும் தேர்வில் இது இடிக்கும். அம்பு போடுவதை மெல்ல மெல்லக் கையிலிருந்து மனதுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுலபமான, நிறைய வாசிப்பு வேண்டும்; அதை எட்டு வாரத்தில் திணிக்க முடியாது. கதைப் பத்திகளில், ஒரு பாத்திரம் ஏன் பேசாமல் எழுந்து போனது என்பது போன்ற, வாக்கியத்திலேயே இல்லாத விஷயங்களில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். அங்கே இலக்கணம் ஓரளவுக்குத்தான் உதவும். ஒரே வகுப்பு, ஒப்பிட வேறு குழு இல்லை. எட்டு வாரத்தில் பிள்ளைகள் சும்மாவே கொஞ்சம் வளர்ந்துமிருப்பார்கள். அதையும் கணக்கில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

அப்புறம் போன மாதத் தேர்வு. ஐந்து கேள்வியில் நான்குக்கு எழுதிவிட்டு ஒன்றைக் காலியாக விட்டிருந்தாள். பத்தியில் ‘தே’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம். அதிலிருந்து கிளம்பிய அம்பு மேலே போய், பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறியில் முடிந்திருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். “தேடினேன் மிஸ். இந்தத் ‘தே’ யாருன்னு எங்கயுமே இல்ல.”

பத்தியை மறுபடி படித்தேன். நீளமாக இருக்கிறதென்று நானே ஒரு வாக்கியத்தை வெட்டியிருந்தேன். ‘தே’ யார் என்று சொன்ன வாக்கியம் அதுதான். மற்ற பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் இருந்த பெயரைப் போட்டு விடை எழுதியிருந்தார்கள். நானும் சரி என்று திருத்தியிருந்தேன். தாள்களைத் திரும்ப வாங்கி அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, நான்குக்கு மதிப்பெண் போட்டேன்.